மேற்கு ஜன்னல் வெயில்

பன்னிரண்டு வருடங்களாக ஹம்சவேணி ஆட்டின் சிறுநீர்ப்பைத் தசையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியின் உடலியங்கியல் துறையில் அவளுக்கு வேலை. கையையும் காலையும் நாம் நினைத்தபடி அசைக்கிறோம். சிறுநீர்ப்பை, குடல், ரத்தக்குழாய் ஆகியவற்றின் தசை நம்மைக் கேட்டுச் சுருங்குவதில்லை. அதன் செல்களின் சுவரில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்து கால்சியம் உள்ளே போனால் தசை சுருங்கும். வாசலை ஒரு மருந்தால் அடைத்தால் தளர்ந்துவிடும்.

தினமும் காலையில் உதவியாளர் முத்திருளன் கறிக்கடையிலிருந்து குட்டிகளின் பைகளையும் கிழட்டு ஆடுகளின் பைகளையும் ஐஸில் வைத்துக் கொண்டுவருவார். ஹம்சவேணி அவற்றை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, நூலில் கட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவாள். தசை சுருங்கும்போதெல்லாம் கருவியின் பேனா காகிதத்தில் மேலேறும். அது இறங்கும்வரை மனசுக்குள், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில், எண்ணிக்கொண்டிருப்பாள்.

1998இல் அவளும் ஆராய்ச்சி மாணவன் செல்வக்குமாரும் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று வெளியிட்டது. மருந்துக்குக் குட்டியின் தசை தளர்ந்தது, கிழட்டு ஆட்டின் தசை தளரவில்லை. ஆகவே முதுமையில் கால்சியம் வேறு வழியாக நுழைகிறது என்பது அவர்கள் முடிவு. அந்தக் கட்டுரையின் பேரில் செல்வக்குமாருக்குப் பசுமலையில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது.

மறுவருடம் மே மாதம் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள். கருவிகளை ஜன்னலே இல்லாத பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே கிழட்டுத் தசையும் தளர்ந்தது. ஐந்து நாளும் அப்படியே.

"முத்திருளண்ணே, ஆடு ஏதும் மாத்தி வாங்கியாந்தீங்களா?"

"அதே கடை, அதே ஆளுதாம்மா. மாறுனது ரூமு மட்டுந்தான். பழைய ரூமுல மத்தியானம் மேசைகிட்ட நிக்க முடியாதே, அம்புட்டு வெயிலு."

ஹம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். அது அவளுக்குத் தெரியும். புட்டிக்குக் கறுப்புக் காகிதம் சுற்றித்தான் வைத்திருந்தாள். ஆனால் காலையில் கரைத்த மருந்து கண்ணாடிக் குழாயில் மேற்கு ஜன்னலோரம் மூடாமல் நின்றது. குட்டியின் தசை சீக்கிரம் கெடும் என்று அதை எப்போதும் முதலில் எடுப்பார்கள். மத்தியானம் கிழட்டுத் தசையின் முறை வருவதற்குள் மருந்தில் சத்தே இருந்திருக்காது.

பழைய அறைக்குத் திரும்பியதும் முறையை மாற்றிப் பார்த்தாள். காலையில் கிழடு, மத்தியானம் குட்டி. முடிவு தலைகீழானது.

செல்வக்குமாரை வரவழைத்துச் சொன்னாள். அவன் முகம் இறுகிப்போனது.

"தீசிஸை அடுத்த மாசம் குடுக்கணும் மேடம். இன்னும் பட்டமே வாங்கல, ஊர்ல அதுக்குள்ள டாக்டர்னு கூப்பிடுறாங்க. இதை யாரு வந்து பாக்கப் போறா?"

"தப்பு என்னோடதுதான். அப்படித்தான் எழுதப்போறேன்."

"யாரோடதுன்னு எழுதுனாலும் போறது என் தீசிஸுதான?"

அவன் போய்விட்டான். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதினாள். எழுதியவள் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அந்த வருடம் பேராசிரியர் பதவிக்கு அவள் பெயரும் இருந்தது. ஒரு மாதம் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை.

ஜூலையில் மைசூரிலிருந்து ஒரு தபால் வந்தது. காவ்யஸ்ரீ என்ற ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். கட்டுரையில் இருந்த பரிசோதனையை எட்டு மாதமாகச் செய்துபார்த்தும் அந்த முடிவு வரவில்லையாம். 'என் கைக்குப் பக்குவம் போதவில்லை என்கிறார் என் வழிகாட்டி. நான் எங்கே தவறு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

ஹம்சவேணி அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பசுமலைக்குப் போனாள். வகுப்பு முடிந்து வந்த செல்வக்குமார் நின்றபடியே படித்தான். மறுபடியும் படித்தான்.

"எட்டு மாசமா?" என்றான்.



அலமாரியிலிருந்து தன் பழைய ஆய்வு நோட்டை எடுத்து நீட்டினான். "ஒவ்வொண்ணுக்கும் மணி எழுதிவச்சிருக்கேன். இதழுக்கு எழுதுற லெட்டரோட இதையும் அனுப்புங்க. அப்பத்தான் நம்புவாங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்."

காவ்யஸ்ரீக்கு அன்றே பதில் எழுதினாள். உங்கள் கையில் தவறில்லை, தவறு எங்களுடையது என்பது முதல் வரி.

இழுப்பறையில் இருந்த கடிதம் இருவர் கையெழுத்தோடும் இதழுக்குப் போனது. கட்டுரை திரும்பப் பெறப்பட்ட அறிவிப்பு நாலு வரியில் வந்தது. பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. துறைக் கூட்டங்களில் சிலர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். செல்வக்குமார் பழைய தீசிஸைக் கைவிட்டு வேறொரு வழிகாட்டியிடம் புதிதாகத் தொடங்கினான். அவளைப் பார்க்க வரவே இல்லை.

2003இல் ஒருநாள் போன் செய்தான்.

"வைவா முடிஞ்சது மேடம். பட்டம் குடுத்துட்டாங்க."

"ரொம்ப சந்தோசம்ப்பா."

"ஒண்ணு சொல்லணும். உங்க மேல கோவம் இன்னும் முழுசாப் போகல."

"இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை வீட்டுக்குச் சாப்பிட வா."



"வாரேன் மேடம்," என்றான்.