ஜவ்லோன் கடித்த ரொட்டி

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆணியிலிருந்து கிளம்பியது. நான் எழுதும் மேசைக்கு எதிர்ச் சுவரில் அந்த ஆணி இருக்கிறது, அதில் ஒரு துணிப்பை தொங்குகிறது. பைக்குள் என்ன என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவீர்கள், உங்கள் பொறுமை எனக்குத் தெரியாதா?

தொடக்கம் மட்டும் மூன்று தடவை எழுதினேன்.

"சமர்கந்தின் நீலக் குவிமாடங்கள் மாலை வெயிலில்" [அடித்தாயிற்று. குவிமாடம் வேண்டுமென்றால் காலண்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.]

"துல்கின் என்ற தொழிலதிபர்" [இதுவும் போயிற்று. வீட்டு முகப்பில் ஒரு தந்தூர் அடுப்பு, நாலு பெஞ்சு, மனைவியின் இரண்டு கைகள். இதை வைத்துக் கறி பொதிந்த சம்சா சுட்டு விற்றவரைத் தொழிலதிபர் என்றால் அவரே சிரிப்பார். இல்லை, சிரிக்கமாட்டார். அதுதான் தொல்லை.]

மூன்றாவது இது: கடையைத் தூக்கிக்கொண்டு நாடு மாறப் போவதாக துல்கின் சொன்ன நேரத்தில் அவர் மனைவி மஸ்தூரா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அதனால் அவள் அழுதாளா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இது இருக்கட்டும்.

2

"எங்க?" என்றாள் மஸ்தூரா, கத்தியை நிறுத்தாமல்.

"சிம்கெந்த். கஜகஸ்தான். உமித் இடம் பாத்து வச்சிருக்கான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல."

"உமித்தா? உங்க சித்தப்பா மகன் உமித்தா? போன வருஷம் தீக்கோழி வளக்கறேன்னு கிளம்புனானே, அதே உமித்தா?"

"அது வேற விஷயம்."

"தீக்கோழிக்கும் அது வேற விஷயமாத்தான் இருந்திருக்கும். ஒண்ணுகூட மிஞ்சல."

"ஏ, கேளு. பஸ்ல வர்றவன் பசியோட இறங்குவான். இங்க மாதிரி உக்காந்து, டீ குடிச்சு, ஊர்க்கதை பேசி, கடைசியில ஒரு சம்சா வாங்குற கூட்டமில்ல அது. கையில வாங்குவான், நின்னுக்கிட்டே தின்னுவான், போயிட்டே இருப்பான்."

"அதுக்கு வீட்ட விக்கணுமா?"

"வித்தாச்சு."

கத்தி நின்றது. வீட்டை வாங்கியவர் எதிர்வீட்டு மருந்துக்கடை இஸ்கந்தர். இரண்டு வருடமாக அந்த முகப்பின் மேல் கண் வைத்திருந்த மனிதர்.

[துல்கினை எனக்குப் பிடிக்கவில்லை. எழுத எழுத இன்னும் பிடிக்காமல் போகிறது. வயது ஐம்பத்து மூன்று, தொப்பை, மீசை, எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் இவரையே வைத்துக்கொண்டேன். ஏழாம் பகுதிவரை இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போகும்.]

3

மஸ்தூரா வரமாட்டேன் என்றாள். காரணம் சமையலறை வாசலுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

இந்தச் சமர்கந்தில் ஒருவர் தூரப் பயணம் கிளம்பினால், வாசலில் ஒரு ரொட்டியை நீட்டுவார்கள். போகிறவர் ஒரு வாய் கடிக்க வேண்டும். மிச்சத்தைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார்கள். கடித்தவர் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அவருக்காக அவருடைய பங்கு காத்திருக்கிறதாம், அதனால் வந்தே தீருவாராம். ரயில்வேகூடத் திரும்பும் பயணத்துக்கு இவ்வளவு உத்தரவாதம் தருவதில்லை.

ஆணியில் இருந்தது அவள் மகன் ஜவ்லோன் கடித்த ரொட்டி. ஏழு வருடத்துக்கு முன் கட்டட வேலைக்கு ரஷ்யா போனவன். இரண்டு வருடம் பேசினான், பணம் அனுப்பினான். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில் சொல்ல ஆரம்பித்தது. ஐந்து வருடமாக அவள் மட்டும்தான் தவறாமல் பதில் சொல்கிறாள்.

"ரொட்டியையும் எடுத்துட்டுப் போவோம்" என்றார் துல்கின்.

"எடுத்துட்டு? அவன் எந்த வீட்டுக்கு வருவான்? கடிச்சது இந்த வாசல்ல. வந்து தட்டப்போறதும் இந்த வாசலைத்தான். உள்ள இருந்து இஸ்கந்தர் வந்து, என்ன வேணும், இருமல் மருந்தான்னு கேப்பாரு."

"அதுக்காக நாம இங்கயே மக்கிப்போறதா?"

"நீங்க போங்க. தீக்கோழி காத்துக்கிட்டிருக்கு."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மகன் வந்து தட்டும்போது கதவைத் திறக்க, அவனைத் தெரிந்த ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும்.

4

இங்கே ஒரு உபரிப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு முற்றத்தின் மூலையறையில் ஒரு வாடகைக்காரன் இருந்தான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மருத்துவம் படிக்க வந்து, உடற்கூறியலில் மூன்று முறை கோட்டை விட்டு, ஊருக்குப் போக முகமில்லாமல், தமிழ் மாணவர்களுக்கு மெஸ் நடத்திப் பிழைக்கிறவன். பத்தொன்பது வருடமாக. மனித உடம்பில் எத்தனை எலும்பு என்று கேட்டால் இன்றும் யோசிப்பான், சாம்பாருக்கு எத்தனை முருங்கைக்காய் என்றால் உடனே சொல்வான், இந்த ஊரில் அது கிடைக்காது என்றாலும்.

[இவனை அடித்துவிடலாமா? கதையை நகர்த்த இவன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் கதை இடிந்து விழுந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.]

மஸ்தூராவை இவன் அக்கா என்பான்.* அவளுக்கு இவன்மேல் பாசம் உண்டு, அதைக் கேலியாகத்தான் காட்டுவாள். முக்கியமாக இவன் குடிக்கும் டீயை வைத்து. அந்த வீட்டில் எல்லோரும் வெறும் பச்சை டீதான். இவன் மட்டும் பாலை ஊற்றி, சர்க்கரையைக் கொட்டி, கொதிக்க வைத்துக் குடிப்பான்.

"டேய் தம்பி, டீக்கு உடம்பு சரியில்லையா? பால் ஊத்திக் காப்பாத்துற?"

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்கக்கா."

"நான் என்ன கன்னுக்குட்டியா?"

(* அங்கே "அகா" என்றால் அண்ணன். வந்த புதிதில் இவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டபோது, மஸ்தூரா மீசை முளைத்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்தாளாம். இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.)

5

லாரி வந்தது. மஸ்தூரா அசையவில்லை.

துல்கினோ அடுப்பைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். சிம்கெந்தில் மண் இல்லையா, தந்தூர் செய்ய ஆள் இல்லையா என்று கேட்காதவர் பாக்கியில்லை. "இருபத்தாறு வருஷம் பழகுன அடுப்பு. புது அடுப்பு, சுவத்துல ஒட்டுன சம்சாவைக் கீழ தள்ளிவிடும்" என்றார். நான்கு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள். அடுப்பு மூன்று துண்டாகப் பிளந்தது. துல்கின் ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி. இப்ப தூக்க சுலபம்" என்றார்.

மூன்று துண்டையும் லாரியில் ஏற்றினார். சொந்த நஷ்டத்திலும் சௌகரியம் பார்க்கும் இந்தக் குணத்துக்காகவே இவரை வில்லனாக வைத்தது சரி என்று தோன்றியது.

இதற்கிடையில் சுமை தூக்க வந்தவர்களில் ஒருவர், ஒட்டடை அடித்தபடி வந்து ஆணியிலிருந்த பையை எடுத்தார். நல்ல மனிதர். பைக்குள் ரொட்டியைப் பார்த்ததும் வெளியே எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, யார் காலிலும் மிதிபடாமல் இருக்கட்டும் என்று சமையலறை அலமாரியில் பழைய ரொட்டித் துண்டுகளோடு சேர்த்து வைத்தார். ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள். காய்ந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, டீயில் ஊறவைத்துத் தின்பார்கள், இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடுவார்கள். அவர் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. குறை அங்கேதான் ஆரம்பித்தது.

6

ஒன்பது மணிக்கு மஸ்தூரா சமையலறைக்குள் வந்தாள். ஆணி காலியாக இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் துல்கின் நின்றிருந்தார். கையில் ஒரு பிடி அளவுக்கு ரொட்டி, அதில் பழைய பல் தடம். ஜவ்லோனுக்கு முன்பல்லில் இடைவெளி உண்டு, தடத்திலும் உண்டு. மிச்ச ரொட்டி இல்லை.

"எங்கங்க மிச்சம்?"

"நான்தான் தின்னேன்" என்றார் துல்கின். "பசிச்சுது. கவனிக்கல."

மஸ்தூரா உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மெல்லத்தான் பேசினாள்.

"புள்ளை வர்ற வழியைத் தின்னுட்டீங்களே."

துல்கின் தலை குனிந்துகொண்டார்.

இங்கே கதையை முடித்தால் எனக்கு வசதி. முடிவுகளும் தயாராக இருக்கின்றன.

முடிவு அ: அந்த நேரம் பார்த்து ஜவ்லோனிடமிருந்து போன் வருகிறது. [சீ. ஐந்து வருடம் வராத போன் என் கதைக்காகவா வரும்?]

முடிவு ஆ: மஸ்தூரா கணவனைத் துரத்திவிட்டுத் தனியாகக் கடை நடத்துகிறாள். [கைதட்டல் கிடைக்கும். அடுப்பு லாரியில் மூன்று துண்டாக இருக்கிறது, வீடு இஸ்கந்தருடையது. வெறும் கைதட்டலில் சம்சா வேகாது.]

முடிவு இ: அவள் பேசாமல் போய்

7

போதும். மேலே அந்த வாக்கியம் பாதியில் நிற்கட்டும்.

ரொட்டியைத் தின்றது துல்கின் இல்லை. நான்.

ஆமாம், திண்டுக்கல்காரன் நான்தான். இரண்டு முறை அடித்தும் அடிபடாத உபரிப் பாத்திரம். விடியற்காலையிலிருந்து மூட்டை கட்டிய பசி. அலமாரியில் காய்ந்த துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து, பின்பக்கத்திலிருந்து பிட்டுப் பிட்டு டீயில் நனைத்தேன். கல் மாதிரி இருந்தது, ஆனால் ஊறியதும் ருசி வந்துவிட்டது. ஏழு வருட ரொட்டிக்கு ருசி உண்டு என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசித் துண்டைத் திருப்பியபோது பல் தடத்தைப் பார்த்தேன். முன்பல் இடைவெளியைப் பார்த்தேன்.

அப்போதுதான் துல்கின் உள்ளே வந்தார். பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். முற்றத்தில் மஸ்தூராவின் செருப்புச் சத்தம் கேட்டது. என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு, "வாயைத் தொடைடா" என்றார். மீதி உங்களுக்குத் தெரியும்.

பிறகு லாரிக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்:

"நீ தின்னேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்கமாட்டா. அப்புறம் இங்க யாரை நம்பி விட்டுட்டு வருவா? இஸ்கந்தர்கிட்ட பேசிட்டேன், உன் ரூம் உனக்குத்தான். ஜவ்லோன் வந்தா நீதான் கதவைத் திறக்கணும்."

"அண்ணே..."

"ரஷ்யாவுலேருந்து வர்ற பஸ்ஸெல்லாம் சிம்கெந்துல நிக்குதுடா. பசியோட இறங்குவானுங்க. நான் அங்க நின்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கறேன். நீ இங்க பாரு. ரெண்டுல ஒரு வாசல்ல மாட்டாமலா போவான்?"

"இதை அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பிடுவா. அப்புறம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் செத்துப் பொழைக்கணும். அதுக்கு நான் ஒருத்தன் போதும்."

தொழில் திட்டம் என்று நான் ஆறு பகுதியாகக் கேலி செய்தது இதைத்தான். நான் இங்கே கேட்கும் மன்னிப்பைப் படிக்க அவருக்குத் தமிழ் தெரியாது. இப்படிக் கேலி எழுத எனக்குத் துணிச்சல் வந்ததும் அதனால்தான்.

8

மஸ்தூரா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மகனின் பல் தடம் இருந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைக்குள் வைத்திருந்தாள். இன்னொரு கையில் புது ரொட்டி. துல்கினிடம் நீட்டினாள்.

"நாம திரும்பி வரப்போறதில்லையே" என்றார் அவர்.

"அதை நீங்க சொல்லாதீங்க" என்று தானே ஒரு வாய் கடித்தாள். நிதானமாக மென்றாள். மிச்சத்தைப் பழைய பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள்.

"அவன் ரொட்டி போச்சு. இது என்னோடது. உன் ரூம்ல மாட்டு. அவன் வந்தா அப்பவே போன் அடி. நான் வந்து இதைத் தின்னு முடிப்பேன்."

"சரிக்கா."

"தம்பி."

"அக்கா?"

"இதையும் பால் டீயில முக்கித் தின்னுடாதே."

சமையலறை அலமாரியில் என் கிண்ணம் இருந்தது. அடியில் பால் டீயும் ரொட்டித் தூளும். எனக்கோ துல்கினுக்கோ அதைக் கழுவி வைக்கத் தோன்றவில்லை, அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கிற மாதிரியே. பிறகு லாரியில் ஏறி, துல்கினைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியல. இந்த மனுஷனை நம்பி நாடு விட்டு நாடு போறேன் பாரு."

துல்கின் மீசைக்குள் ஏதோ முனகினார். லாரி கிளம்பியது.

9

நாலு வருடம் ஆகிறது. ஒட்டிய அடுப்பில் சம்சா வேகிறதாம், கொஞ்சம் சாய்வாக. மாதம் ஒருமுறை மஸ்தூரா போன் செய்து, "ரொட்டி இருக்கா?" என்பாள். இருக்கிறது என்பேன். இருவருமே ஜவ்லோன் பெயரைச் சொல்வதில்லை.

முடிவு எங்கே என்கிறீர்களா? என்னிடம் இல்லை. அவன் வாசலைத் தாண்டி வந்தால்தான் முடிவு, நான் எழுதி அது வராது. ஆனால் ஒரு சிக்கல். என் மாணவர்களெல்லாம் தாஷ்கெந்த் கல்லூரிக்கு மாறுகிறார்கள். மெஸ்ஸையும் அங்கே மாற்றினால்தான் எனக்குப் பிழைப்பு. இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. பாத்திரங்களைக் கட்டிவிட்டேன். இந்த ஆணிக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக உங்களிடம் பேசினேன். கதை என்று நினைத்தீர்களா? ஆள் தேடுகிறேன். மூலையறை, முற்றத்தில் ஒரு திராட்சைக்கொடி, இருமல் மருந்து எதிரிலேயே கிடைக்கும். வேலை ஒன்றுதான். யாராவது தட்டினால் எழுந்து போய்த் திறக்க வேண்டும். சிரித்தால் முன்பல்லில் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பால் டீ குடிக்காதவராக இருந்தால் நல்லது.