சுசானுக்குத் தெரிந்த வாடை

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சவியே பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியபின் அவர் மனைவி சுசானுக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள்: பிஜூ என்ற வெள்ளைப் பெட்டை நாய். வறுத்த மீனில் முதல் துண்டு அதற்குத்தான். அது நாலு குட்டி ஈன்ற அன்று, சவியே பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார்.

சுசானுக்கு வயிறு எரிந்தது. அவள் பிரசவ வேதனையில் கிடந்தபோது அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஆண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. நஞ்சுக்கொடி முழுசாக விழாமல் காய்ச்சலில் பிதற்றிக் கிடந்து பிழைத்தாள். அதன்பின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. விடுப்பில் ஊர் வந்தவர், "ஆண்டவர் சித்தம்" என்றதோடு சரி.

ஈன்ற மூன்றாம் நாள் பிஜூ சோற்றைத் தொடவில்லை.

"களைச்சுப் போயிருக்கு, பாவம்" என்றார் சவியே.

தட்டை எடுக்கக் குனிந்த சுசானின் மூக்கில், அவள் மறக்காத அந்த அழுகல் வாடை ஏறியது. நாயின் பின்பக்கம் கருஞ்சிவப்பாக ஒழுகியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கினாள். கிடக்கட்டும். நான் கிடக்கலையா?

மறுநாள் காலையில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. எழ முடியாத பிஜூ அதையே நக்கிக்கொண்டிருந்தது. சுசானால் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, இது களைப்பு இல்லைங்க. நஞ்சுக்கொடி உள்ள தங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!"

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் இதேதான் வந்துச்சு. இதே வாடை. நீங்க எப்பவாச்சும் கேட்டீங்களா?"

சவியே சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

டாக்டர் வைத்தியலிங்கம் நாயின் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். கருப்பை சுருங்க ஓர் ஊசி, சீழுக்குப் பென்சிலின். "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். சுசான் தரையைப் பார்த்தாள். "தாய் பிழைச்சுக்கும். குட்டிங்களுக்கு இப்போதைக்கு ஆட்டுப்பால் குடுங்க."

ஊசி தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது பிஜூ எழுந்து நின்று வாலாட்டியது.

அன்று சாயங்காலம் சுசான் துணித்திரியை ஆட்டுப்பாலில் நனைத்துக் குட்டிகளுக்குச் சப்பக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சவியே அருகில் வந்து உட்கார்ந்தார்.

"நம்ம பையன் யாரு மாதிரி இருந்தான், சுசான்?"

அவள் கை நின்றது. "மூக்கு உங்களுது. முடி..."

மூலையில் பிஜூ முனகியது. சவியேயின் தலை தானாக அங்கே திரும்பியது.

"அது கெடக்கட்டும்" என்றாள் சுசான், அவர் கையை இறுகப் பிடித்து. "மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

அவர் கேட்டார்.