வீடு யார் பேரில்?

நஜ்முன் நிஸா ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். குறிஞ்சாக்கேணி ஊர் முழுவதும் திரண்டு வந்தாலும் அவளை அசைக்க முடியாது. எழுபத்தொன்பதாம் ஆண்டு அரசாங்கம் ஏழைகளுக்கு வீட்டுத்திட்டம் கொண்டுவந்தது. காணியும் சீமெந்தும் ஓடும் அவர்கள் தருவார்கள், கட்டுவது நம் பாடு. பட்டியலில் அவளுடைய குடும்பமும் இருந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டிருந்த வீடமைப்பு உத்தியோகத்தர் சோமசேகரம், படிவத்தில் கடல் தொழில் செய்யும் அவளுடைய புருஷன் அபூதாஹிரின் பெயரை மளமளவென்று எழுதிவிட்டார்.

"என்ட பேர எழுதுங்க ஐயா."

"குடும்பத் தலைவரின்ட பேரிலதான் உரிமைப்பத்திரம் குடுக்கலாம், பிள்ளை. அதுதான் சட்டம்."

சட்டமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் எந்தக் காலத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு இருந்தது? வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பான். அவளுடைய அக்கா, ஸாலிஹா ராத்தா மட்டும் கந்தளாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். புருஷன் பேரில் இருந்த வீட்டில் ஒன்பது வருடம் அடுப்பு ஊதினாள். அவன் தலாக் சொன்ன அன்றைக்கே மூன்று பிள்ளைகளோடு தெருவில் நின்றாள். நிஸாவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

"அப்ப எனக்கு ஒங்கட வீடு வேணாம்," என்றாள். "ஓலைக்குடில் என்டாலும் அது என்ட உம்மா எனக்குத் தந்தது. அதில இருந்து என்னய ஆரும் எழுப்ப ஏலாது."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கல்வீட்டை வேண்டாம் என்கிறாளே, பைத்தியமா இவளுக்கு! சோமசேகரம் அவள் பக்கத்தில் நின்ற அபூதாஹிரைப் பார்த்தார்.

"நீராவது எடுத்துச் சொல்லும்."

அபூதாஹிர் தலையைச் சொறிந்தான். "நான் என்னத்தச் சொல்ல ஐயா? நானே இவட வீட்டுல இரிக்கிறவன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நிஸா சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள்.

"ஐயா, கோவிக்காமச் சொல்லுங்க. டவுன்ல நீங்க இரிக்கிற வீடு ஆருட பேர்ல?"

சோமசேகரம் பேனையை மூடினார், திரும்பவும் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"என்ட மனிசி தங்கரத்தினத்தின்ட பேரில," என்றார். "சீதன வீடு."

"அப்ப ஒங்கட வீட்டுல தலைவர் ஆரு?"

சோமசேகரம் பேனையைப் படிவத்தில் வைத்தார். அபூதாஹிரின் பெயரைக் குறுக்காக வெட்டினார். அதற்கு மேலே வேறொரு பெயரை நிதானமாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

"மேலிடத்தில கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்ளுறன்."

"எழுதினத வாசிங்க ஐயா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நஜ்முன் நிஸா," என்று அவர் உரக்க வாசித்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், நாளைக்குக் கடலுக்குப் போக வேணாம். என்ட வீட்டுக்கு அத்திவாரம் வெட்டோணும்."