சுண்ணாம்பு வெந்த இடம்

முப்பத்துமூன்றாவது நாளோடு கதிர்ச் சிகிச்சை முழுவதும் முடிந்து வெளியே வந்ததும் அப்பா முதலில் கேட்டது அந்த முகமூடியைத்தான். சூடாக்கி முகத்தில் அழுத்தி, அவருடைய மூக்கும் நாடியும் அப்படியே பதியும்படி செய்த வெள்ளைப் பிளாஸ்ரிக் வலை அது. தலை அசையாமலிருக்க நாள்தோறும் அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அநேகம் பேர் அதைத் திரும்பியும் பார்க்காமல் ஓடுவார்களாம். அப்பா கேட்டதும் தாதி சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அப்பா என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார்.

"என்னத்துக்கப்பா உது?"

"தோட்டத்து வெருளிக்குப் போடப்போறன்." நாக்கு இன்னும் சரியாகப் புரளாததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "என்ரை மூஞ்சையைக் கண்டால் காகமும் வராது, உவன் மார்க்கண்டும் வரான்."

மார்க்கண்டு மாமா பக்கத்து வளவுக்காரர். இரண்டு தோட்டத்துக்கும் கிணறு ஒன்று. பதினொரு வருடத்துக்கு முன் வேலி அடைத்தபோது நட்ட கதியால் தடி ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டதென்று அப்பா சொன்னார். வரவில்லை என்று அவர் சொன்னார். அதுவரை ஒரே தட்டத்தில் வெற்றிலை போட்டவர்கள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பங்குக் கிணற்றில் இறைப்பை நிறுத்த முடியாதே. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. முறை மாற்ற வேண்டுமென்றால் வேலிக்கு அங்காலும் இங்காலும் நின்று, இருவருக்கும் நன்றாகக் கேட்கிற குரலில், என்னிடம் சொல்வார்கள். நான் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காது கேளாதவர்கள் போல நிற்பார்கள். பகல் முழுவதும் தபாற்கந்தோரில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே உத்தியோகம்தான்.

அப்பாவின் இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படலம் இரண்டு வருடமாக இருந்தது. சுண்ணாம்பு வெந்தது என்றார். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அது புதிதில்லை என்பதால் நானும் நம்பினேன். கடைச் சுண்ணாம்பை விட்டுச் சிப்பிச் சுண்ணாம்புக்கு மாறினார். வெற்றிலையையும் புகையிலையையும் வலது கடைவாய்க்கு மாற்றினார். தேநீரை ஆற்றிக் குடிக்கத் தொடங்கினார். கடைசியில் பல்வலி என்று கூட்டிக்கொண்டு போனபோது, பல் வைத்தியர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தையே பார்த்தார். வெறும் வெள்ளையாக இருந்தபோதே வந்திருந்தால் சின்ன விசயமாகப் போயிருக்கும் என்றார். பிறகு வெட்டவும் வேண்டியிருந்தது, கதிரும் பிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் தபாற்கந்தோர்ச் சுவரில் ஓர் அறிவித்தல் இருக்கிறது. வாய்க்குள் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருந்தால் உடனே பற்சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள், இலவசம். நானே பசை தடவி ஒட்டியது. அதன் கீழே இருந்து இரண்டு வருடம் முத்திரை விற்றிருக்கிறேன். அப்பாவை ஒருநாளாவது வாயைத் திறக்கச் சொன்னதில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கதிருக்குப் போய் வந்த ஏழு வாரமும் தோட்டத்தைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. ஆனால் ஒரு பாத்தியும் வாடவில்லை. எங்கள் முறை நாட்களிலும் யாரோ மோட்டரை ஓடவிட்டிருந்தார்கள். யாரென்று அப்பா கேட்கவில்லை. ஈர மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்து, "உவன் தண்ணியை வடிவாக் கட்டியிருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். பிறகு தக்காளிப் பாத்தியில் வெருளிப் பொம்மையை நட்டு, முகமூடியை மாட்டி, அதை மார்க்கண்டு மாமாவின் வளவைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலை, முருங்கையிலைச் சொதியை ஒரு கரண்டி குடித்துவிட்டு அப்பா முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் கூடிப்போச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக எல்லாமே அவருக்கு மண்ணாக இருந்தது. என் சமையலுக்கு இவ்வளவு நல்ல குறை யாரும் சொன்னதில்லை. இன்னும் ஏதாவது சொல்வாரென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உவன் தேத்தண்ணியை ஆத்திக் குடிக்கிறான்."

"அதுக்கென்னப்பா?"

"கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறவன். எனக்குத் தெரியாதே? வெத்திலையையும் வலப்பக்கம் போடுறான். போய் வாயைக் காட்டச் சொல்லு."

படலை திறந்து போனேன். மார்க்கண்டு மாமா மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"அது சுண்ணாம்பு வெந்தது பிள்ளை."

அப்பா சொன்ன அதே பதில். ஒரு சொல்லும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கிறது, கால் மணித்தியால வேலை, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றெல்லாம் கெஞ்சினேன்.

"கொப்பர் சொல்லிவிட்டவரோ?"

"ஓம் மாமா."

"அவருக்கு வாய் இருக்குத்தானே. அவர் வந்து சொல்லட்டும்."

அப்பாவிடம் வந்து சொன்னேன். "நான் போய்க் கதைக்கிறதோ?" என்றார். "கதியாலைத் தள்ளினவன் அவன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு வருசம் நீங்கள் சொன்ன கதையைத்தானப்பா அவரும் சொல்லுறார். இனி நான் தூது போகமாட்டன். தண்ணிக்கும் போகமாட்டன், இதுக்கும் போகமாட்டன்."

ஐந்து நாள் போகவுமில்லை. அப்பா ஒவ்வொரு காலையும் வேலியடிக்குப் போய்ப் பொட்டுக்குள்ளால் பார்ப்பார். திரும்பி வந்து, "இண்டைக்கும் ஆத்தித்தான் குடிக்கிறான்" என்பார்.  ருசி திரும்பிய வாய் மறுபடியும் சோற்றைத் தள்ளி வைத்தது. அப்பாவுக்குப் பயம் பிடித்திருந்தது. தன் நோய்க்குக்கூட அவர் இப்படிப் பயந்து நான் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை. பின்னேரம் நான் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா நேரே வேலிக்குப் போய், உக்கிப்போயிருந்த தென்னோலைக் கிடுகு ஒன்றை இழுத்துக் கீழே போட்டார். ஒரு தலை புகக்கூடிய இடைவெளி வந்தது.

"மார்க்கண்டு."

அந்தப் பக்கம் மோட்டர் நின்றது. பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கதியாலில்தான் தொடங்கப்போகிறார் என்று நான் பயந்தேன்.

"வாயைத் திற."

மார்க்கண்டு மாமா நின்ற இடத்திலேயே நின்று அப்பாவைப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னத்தையும் கழுத்துத் தழும்பையும் கருகிய தோலையும் அவர் அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் கண்டிருப்பார். பிறகு வெற்றிலையைத் துப்பினார். வாய்க்கால் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தார். வந்து கதியாலைப் பிடித்துக்கொண்டு, இடைவெளிக்குள் முகத்தை வைத்து, வாயைத் திறந்தார்.

"பிள்ளை, போன் லைற்றைப் பிடி."

ஓடிப்போய்ப் பிடித்தேன். இடது கன்னத்துக்குள், சுண்டுவிரல் நகமளவில் வெள்ளையாக ஒரு படலம். அப்பா கதியாலுக்கு மேலால் எட்டி நெடுநேரம் பார்த்தார்.

"சின்னன்," என்றார். "என்ரையிலை பாதியும் இல்லை. சின்னன்தான்ரா." குரல் உடைந்தது. "செவ்வாய்க்கிழமை பிள்ளையின்ரை ஸ்கூட்டியிலை போ. நான் முதல் பஸ்ஸிலை போய் நம்பர் எடுத்து வைக்கிறன்."

மார்க்கண்டு மாமா திறந்த வாயோடு ஏதோ சொல்லப் பார்த்தார்.

"கதையாதை. மற்றப் பக்கமும் பாக்கோணும்."

அவர் கதைக்கவில்லை. தன் விரலாலேயே வலது கன்னத்தை இழுத்து விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் தக்காளிப் பாத்தியில் அப்பாவின் முகத்தோடு வெருளி எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வெளிச்சத்தை மெல்லத் திருப்பினேன்.