லொக்கி வந்த வழி

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மாலை ஹெரான் தீவின் குடாவில் இருந்தவர்கள் இவர்கள்தான்: படகுக் கூட்டத்தின் தலைவன் கார்டன் பெல்டியே, அவன் மனைவி லொரேன், தூரநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றாத டாட் பொட்ரி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ராஸ் மெக்வேக், கடைசியாக வந்து சேர்ந்த ஹெல்மி கெட்டுனன், அவள் தம்பி வைனோ. வேறு யாரும் இல்லை. வேறு யாராவது அங்கே இருந்ததாகச் சொன்னால், அவர்கள் காதில் விழுந்ததைச் சொல்கிறார்கள், கண்ணால் கண்டதை அல்ல.

ஹூரான் ஏரியின் வடகரைப் பாய்ப்படகுகள் கோடைக்கு ஒரு முறை சேர்ந்து கிளம்பி ஹெரான் தீவுக்குப் போகும். குடாவின் கரையில் பட்டுப்போன பைன் மரம் ஒன்று நிற்கிறது. பாய் விரித்து வந்து சேர்ந்த குடும்பத்தின் பெயர்ப்பலகையை அதில் அடிப்பார்கள். மற்ற தூரத்தை எப்படி வந்தாலும் கடைசி மைலைப் பாயில்தான் கடக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கெட்டுனன் பலகையை அங்கே அடித்தவர் ஹெல்மியின் அப்பா ஐனோ. நிக்கல் சுரங்கத்தில் உழைத்து அவர் வாங்கிய லொக்கி சின்னப் படகு. காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடலாம். லொக்கி என்றால் அவர்கள் மொழியில் கடற்காகம். பெரிய படகுக்காரர்கள் அதை ‘ரோட்டுக் காகம்’ என்றுதான் கேலி செய்வார்கள். ஐனோ அதற்குச் சிரித்ததும் இல்லை, கோபப்பட்டதும் இல்லை. ஒவ்வொரு கோடையும் போய்ச் சேர்ந்தார்.

இந்த வசந்தத்தில் கார்டன் அந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டான்.

போன கோடையில் வைனோவின் முழங்கால் மோசமாக இருந்தது. போகும்போது ஏரிவழி, திரும்பும்போது சாலைவழி என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள். டிரெய்லர்ப் படகுக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். வண்டியையும் காலி டிரெய்லரையும் முதல் நாளே தீவுக்கு எதிர்க்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் ஏரி முழுக்க மூடுபனி. அவர்கள் பாயில் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. டிரெய்லரை எல்லோரும் பார்த்தார்கள். சாலைவழியாக வந்து, தீவுக்கு முன்னால் இருக்கும் கால்வாயை மட்டும் மோட்டாரில் தாண்டி, பாயில் வந்ததுபோல நடித்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது.

“நடந்ததைச் சொல்லிடலாம்க்கா,” என்றான் வைனோ.

“நாம எதுக்குடா சொல்லணும்? தப்புப் பண்ணவன்தான் வீடு வீடாப் போய் விளக்கம் சொல்லுவான். நான் வந்து காட்டுறேன்.”

இந்தச் சனிக்கிழமை காலை டிரெய்லரை ஊர்ப் படகுத்துறையின் நட்டநடுவில், எல்லோரும் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

“மோட்டாரைக் கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டி அந்த டிரெய்லர் மேலயே வை. வரவன் போறவன் எல்லாம் பார்க்கட்டும்.”

“வழியில காத்து நின்னுட்டா?”

“உக்காந்திருப்போம்.”

“அக்கா, உனக்கு எழுபத்திரண்டு வயசு. எனக்கு முட்டியே சொந்த முட்டி இல்ல, டாக்டர் இரும்பு வச்சிருக்கான்.”

“இரும்பு துருப்பிடிக்கிறவரைக்கும் உக்காந்திருப்போம். திருகைத் தளர்த்து.”

பகல் முழுக்க மேற்குக் காற்று நன்றாக வீசியது. லொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. ஹெல்மி சுக்கானைப் பிடித்தபடியே கறுப்பு ரொட்டியில் புகைபோட்ட மீனை வைத்துத் தின்றாள். முதுகை எங்கும் சாய்க்கவில்லை. பெரிய படகுகள் முன்னால் போயின. தீவின் இளஞ்சிவப்புப் பாறைகள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், கடைசி மைல் தொடங்கும் மிதவைக்குப் பக்கத்தில், காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. ஏரி கண்ணாடியானது.

முன்னால் போன படகுகளுக்கும் அதே கதிதான். கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு படகு வானொலியில் கார்டனின் குரல் கேட்டது: “காத்தே இல்லப்பா. இந்த வருஷம் மட்டும் மோட்டார் போட்டுக்கலாம். தலைவன் நான் சொல்றேன்.” ஒவ்வொரு மோட்டாராக உறுமி, ஒவ்வொரு படகாகக் குடாவுக்குள் போனது.

கார்டனின் படகு மட்டும் வளைந்து லொக்கியின் பக்கம் வந்தது.

“ஹெல்மி! கயிறு போடறேன், கட்டிக்கோங்க. இழுத்துட்டுப் போயிடறேன்.”

“வேண்டாம்.”

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் மோட்டார்லதான் வந்தோம்.”

“அது உங்க கணக்கு. எங்களுக்குக் கடைசி மைல் பாய்தான்.”

“இருட்டப் போவுது. பிடிவாதம் பிடிக்காதீங்க!” கார்டன் கயிற்றை எறிந்தான். அது லொக்கியின் மேல்தட்டில், ஹெல்மியின் காலடியில் வந்து விழுந்தது.

வைனோவின் கை கயிற்றை நோக்கிப் போனது. ஹெல்மி ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பி மடிக்குப் போனது.

அவள் குனிந்து கயிற்றை எடுத்தாள். அவசரமில்லாமல் வளையம் வளையமாகச் சுருட்டினாள். அடுத்தவன் கயிற்றைச் சிக்கலாகத் திருப்பிக் கொடுப்பது கெட்டுனன் வீட்டு வழக்கமில்லை. சுருட்டி முடித்ததும் வீசினாள். அது கார்டனின் மார்பில் போய் விழுந்தது.

“நீ எங்க துறையில தத்தளிச்சு நீச்சல் கத்துக்கிட்டப்பவே எங்க அப்பா பலகை அந்த மரத்துல இருந்துது, கார்டன். போ. லொரேன் சூப்பு ஆறிடும்.”

அவன் போனான். வைனோ துடுப்பை எடுத்தான்.

“அதையும் வை.”

“துடுப்பு மோட்டார் இல்லியே?”

“பாயும் இல்ல.”

கொசு வந்தது. வைனோ கன்னத்தில் அறைந்துகொண்டே தன் அக்காவையும் செத்துப்போன அப்பாவையும் அவர்கள் மொழியில் வைதான். ஹெல்மி ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். “வையுறதுக்கும் தெம்பு வேணுமில்ல, குடி,” என்றாள்.

சூரியன் பைன் மரங்களின் தலையைத் தொட்டபோது அவள் பின்கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு கருமை அவர்களை நோக்கி மெல்ல வந்தது. பெரிய படகின் பாயை அசைக்கக்கூட அந்தக் காற்று போதாது. லொக்கிக்குப் போதும். முன்பாய் ஒரு முறை சோம்பல் முறித்து, நிரம்பியது.

தீவைச் சுற்றிக்கொண்டு கால்வாய் வழியாகப் போனால் அதற்குள் காற்று மறுபடி செத்துவிடும். நேர் எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு இருந்தது. முழங்கால் ஆழம்தான் இருக்கும். ஐனோ நுழைந்த இடுக்கு அது.

“அடியில இருக்கற பலகையை மேல ஏத்து.”

“முழுசாவா?”

“காத்து பின்னாலதானே இருக்கு, படகு பக்கவாட்டுல வழுக்காது. ஏத்துடா.”

வைனோ கைப்பிடியைச் சுற்றினான். அது கிறீச்சிட்டது. படகின் அடியிலிருந்து இறங்கியிருந்த இரும்புப் பலகை மெல்ல உள்ளே ஏறியது. இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாறை. கீழே கூழாங்கற்கள் தெளிவாகத் தெரிந்தன. சுக்கான் ஒரு கல்லில் இடித்தது, மீண்டது. அடுத்த கணம் குடா திறந்தது. நங்கூரமிட்டு நின்ற படகுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டாட் பொட்ரி தூரநோக்கியைக் கீழே இறக்கினாள்.

லொக்கியின் மூக்கு மணலில் உரசி நின்றது. கார்டன் கரையில் காத்திருந்தான். அவன் கையில் ஐனோவின் பலகை இருந்தது. அதை அவன் எறிந்துவிடவில்லை. அந்த நேர்மை அவனிடம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“தப்பா நினைச்சுட்டேன், ஹெல்மி. இந்தாங்க.”

ஹெல்மி கையை நீட்டவில்லை.

“யார் பிடுங்கினாங்களோ அவங்கதான் அடிக்கணும்.”

கார்டன் சுத்தியல் எடுத்துவந்தான். ராஸ் மெக்வேக் ஆணி கொடுத்தார். ஹெல்மி பின்னால் நின்று பார்த்தாள்.

“கொஞ்சம் மேல. இன்னும் மேல. பழைய ஓட்டை தெரியுது பாரு, அதுலயே அடி.”

அவன் அதிலேயே அடித்தான்.

பெல்டியேயின் படகுதான் லொக்கியைக் கட்டி இழுத்து வந்தது என்று துறையில் இன்றும் பேச்சு இருக்கிறது. குடாவுக்குப் போகும் வழியில் டாட் பொட்ரி எடுத்த புகைப்படத்தில் இரண்டு படகுகளுக்கும் நடுவே கயிறு தெரிவதைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். தெரிகிறது, உண்மைதான். அது ஹெல்மி திருப்பி எறிந்த கயிறு. லொக்கியில் அதை யாரும் எதிலும் கட்டவில்லை.