ஆறடித் தொட்டிக்கு மீன்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற வளர்ப்பு மீன்கடைக்குள் மிரியம் ரீச்சர் நுழைந்தபோது அவள் கையில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. உள்ளே வீட்டுத் தொட்டித் தண்ணீர். மீன் எடுக்க வரும்போது தண்ணீரும் கொண்டு வரவேண்டும், பார்த்துத்தான் மீன் தருவேன் என்று கடைக்கார அருட்செல்வன் சொல்லியிருந்தான். தெல்லிப்பழையிலிருந்து கணவரோடு ஓட்டோவில் வந்த வழி முழுக்க அதை மடியில் வைத்திருந்தாள். மூடி இறுக்கமில்லை. சேலை உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. தெரிந்தும் அவள் போத்தலை நகர்த்தவில்லை.

தொட்டி, மகன் றொபின் செய்யக் கொடுத்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம். கார்த்திகையில் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அடுத்த கிழமை அவனுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. புட்டும் வாழைப்பழமும் கேட்டுச் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் பின்னேரம் அவன் இல்லை. இருபத்திமூன்று வயது.

தை முடிகிற நேரம் கண்ணாடி ஒட்டுபவர் தயங்கித் தயங்கிப் போன் எடுத்தார். தொட்டி முடிந்து கிடக்கிறது, என்ன செய்ய என்று. வேண்டாம் என்று சொல்லப்போன கணவரிடமிருந்து போனை வாங்கி, "கொண்டு வந்து இறக்குங்கோ" என்றாள் மிரியம். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நாட்களில் அவள் செய்ததெல்லாம் பக்கத்து வீட்டில் யாரோ செய்வது போலத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போனாள், கணக்குப் படிப்பித்தாள், வந்து உலை வைத்தாள். அழுகை வரவில்லை. றொபினின் சட்டைகளைக் கட்டி வைக்கும்போது ஒன்றில் பொத்தான் இல்லாததைக் கண்டு, ஊசி நூல் தேடி எடுத்து, தைத்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினாள்.

என்னென்ன மீன் விடுவது என்ற பட்டியல் அவனுடைய வேதாகமத்துக்குள் இருந்தது. ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில், பிரசங்க நேரம் எழுதியது. ஆறு பெயர், எதிரே எத்தனை என்று. "இதிலை உள்ளபடிதான். ஒண்டும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று கணவர் நதானியேலிடம் சொல்லியிருந்தாள். அவர் ஓம் என்றார். எதற்கும் ஓம் என்பதுதான் அவருக்கும் இப்போது சுலபமாக இருந்தது.

அருட்செல்வன் போத்தல் தண்ணீரில் நிறம் மாறும் ஒரு தாள் கீலத்தைத் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு பட்டியலைப் பார்த்தான்.

"ரீச்சர், இந்த நியோன் மீன் சரிவராது. உங்கடை கிணத்துத் தண்ணி நல்ல சுண்ணாம்பு. கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுமெல்லே? உந்தத் தண்ணியிலை அது ஒரு மாதம் நிண்டாப் பெரிசு. கொழும்பிலையிருந்து வாற சாதி, இஞ்சத்தைத் தண்ணி பிடிக்காது."

"கொழும்புக்காரர் கனபேருக்கு உந்த வருத்தம் இருக்கு" என்றார் நதானியேல்.

அருட்செல்வன் சிரித்தான். "எங்கடை அப்பா காங்கேசன்துறையிலை கடலுக்குப் போறவர். சாகாத மீனை வித்து நீ என்னத்தைக் காணப்போறாய் எண்டு இப்பவும் கேப்பார், அண்ணை."

மிரியம் பேனையை வாங்கி நியோனின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராகத்தான் வந்தது. மொலி நிற்கும் என்றான். ரெயின்போவுக்கு இந்தத் தண்ணீர் நல்ல விருப்பம். கொறி அடியில் மேய்ந்துகொண்டு தன் பாட்டில் கிடக்கும். மிஞ்சியது இரண்டு பெயர்கள். ஏஞ்சல் நாலு, ரைகர் பாப் பன்னிரண்டு.

"இது ரெண்டும் ஒண்டா நிக்காது, ரீச்சர். ஏஞ்சலுக்கு நீளச் செட்டை. பாப் பின்னாலை போய்க் கடிச்சுக்கொண்டே இருக்கும். கோவமில்லை, அதுக்கு விளையாட்டு. ஆனா ஏஞ்சல் செத்துப்போம்."

"றொபின் எழுதியிருக்கிறான்."

"ஓம். தம்பியிட்டையும் நான் சொன்னனான்." அருட்செல்வன் பட்டியலை மேசையில் வைத்தான். "அளவு குடுத்த அண்டு இஞ்சையும் வந்தவர். ரெண்டையும் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டிட்டுப் போனவர்."

நதானியேல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கேட்டவன்தான். அன்று பின்னேரம் அவள் தவணைச் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். போனை மேசையில் வைத்து, ஒரு படத்தைத் தள்ளி மற்றப் படத்தைக் காட்டி, "அம்மா, இதுவோ, இல்லாட்டி இதுவோ?" என்றான். அவள் சிவப்புப் பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல், நிமிராமல், "எதெண்டாலும் எடு" என்றாள். "சரி, பிறகு கேக்கிறன்" என்று போனை எடுத்துக்கொண்டு போனான். அந்தத் தாளில் பள்ளிக்கூடப் பிள்ளை செய்த பிழை கூட இப்போது ஞாபகம் வந்தது. படங்கள் ஞாபகம் வரவில்லை. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"நீர் சொல்லும், மிரியம்" என்றார் நதானியேல், மெல்ல.

அவள் தொட்டிகளுக்குக் கிட்டப் போனாள். ஏஞ்சல்கள் செட்டையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றன, பாட்டுத் தொடங்கக் காத்து நிற்கும் பாடகர் குழுவைப் போல. வடிவுதான். பக்கத்துத் தொட்டியில் கறுப்புக் கோடு போட்ட பாப்கள் ஒன்றை ஒன்று துரத்தின. ஓடியது திரும்பித் துரத்தியதை விரட்டியது. சனிக்கிழமைகளில் றொபினின் கூட்டாளிகள் வந்தால் வாசலில் செருப்பு மலையாகக் குவியும். இது வீடோ சந்தையோ என்று அவள் ஏசுவாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவர்கள் உள்ளே வருவதில்லை. வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து, பிறகு போய்விடுவார்கள்.

அவள் கண்ணாடியில் விரலை வைத்தாள். பாப்கள் எல்லாம் விரலுக்கு ஓடி வந்தன.

"இதைத் தாரும்."

"பன்னிரண்டுமோ? உவை சரியான கரைச்சல்காரர், ரீச்சர். தொட்டி ஒரு நிமிசம் சும்மா இருக்காது."

"இருக்க வேண்டாம்" என்றாள்.

இன்றைக்கு இந்த ஒரு சாதி போதும், மற்றவற்றைக் கிழமைக்கு ஒன்றாக விடலாம் என்றான் அருட்செல்வன். பேனை மேசையில் கிடந்தது. ஏஞ்சலின் மேல் கோடு போடாமல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டில் அருட்செல்வன் சொன்னபடி, மீன் இருந்த பொலித்தீன் பையை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். சூடு ஒத்துவர அரைமணித்தியாலம். நதானியேல் கதிரையை இழுத்துப்போட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நேரம் சரி" என்றார்.

மிரியம் தொட்டிக்குள் கையை விட்டாள். தண்ணீர் குளிர்ந்தது. மணிக்கட்டு வரை குளிர்ந்தது. பைக்குள் பன்னிரண்டும் இடமில்லாமல் இடித்துத் துரத்திக்கொண்டிருந்தன. சுற்றி ஆறடிக்கும் ஒன்றுமில்லை. அவள் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். விரல்களுக்குக் கீழே பை துடித்துக்கொண்டிருந்தது.