தர்மவீரன் சொன்ன பொய்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் ஓரின் நேராக வெர்னா வீட்டு நிலவறைக்கு இறங்கிவிடுவான். அங்கே ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் மேசை விளையாட்டு; அதில் அவன் பெயர் ஆல்டன். வெள்ளைக் குதிரையேறும் தர்மவீரன். பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஐம்பது வயது ஆள், பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு வீரன் வேஷம் கட்டுகிறானே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை!

மேசைக்கு எதிரே அவன் தம்பி லைல். விளையாட்டில் அவன் பூனைக்கால் என்ற திருடன். அம்மாவின் அடக்கத்துக்கு லைல் வரவில்லை. அன்றோடு ஓரின் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் ஆல்டன் பூனைக்காலிடம் பேசலாம் அல்லவா?

“பூட்டைத் திறடா, திருட்டுப் பயலே.”

“திறக்கறேன் வீரரே. முதல்ல உங்க குதிரை என் காலை மிதிக்காம பாத்துக்குங்க.”

இரண்டு வருஷமாக அண்ணன் தம்பி பேச்சு இவ்வளவுதான். அதற்காகத்தான் இருவருமே வந்தார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வீம்பு விடவில்லை.

விளையாட்டின் கதையைச் சொல்லி நடத்துகிறவள் வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்திலும் சரி, மேசையிலும் சரி, அவளிடம் சட்டமென்றால் சட்டம். போன வாரம் பூனைக்கால், தூங்கிக்கொண்டிருந்த படகுக்காரனைக் கொன்றுவிட்டுப் படகைக் கிளப்பியிருந்தான்.

“லைல், உன் பாத்திரத்தோட தாளை எடு. குணம்னு இருக்கற இடத்துல ‘தீயவன்’னு எழுது.”

“ஒரே ஒரு படகுக்காரன்தானே, வெர்னா!”

“தூங்கினவனைக் கொன்னுட்டு பேச்சைப் பாரு. எழுது.” பிறகு ஓரின் பக்கம் திரும்பினாள். “தர்மவீரன் தீயவனோட சேர்ந்து நடக்கக் கூடாது. இனி நீங்க ரெண்டு பேரும் வேற வேற வழி. லைல், நீ வேணா புதுசா ஒரு நல்ல ஆளை உருவாக்கிக்க.”

“வேணாம். நல்லவங்க கூட்டத்துல எனக்கு எப்ப இடம் இருந்துது?” லைல் எழுந்து கோட்டை எடுத்தான்.

ஓரின் படிக்கட்டைப் பார்த்தான். இவன் இந்தப் படியேறிப் போய்விட்டால் அப்புறம் எந்தப் பெயரில் இவனிடம் பேசுவது?

“இரு, இந்தக் காட்சி முடியட்டும்,” என்றாள் வெர்னா. குரலைக் கனமாக்கிக்கொண்டாள். “காவல் தலைவன் வந்து நிக்கறான். ‘வீரரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நாட்டுக்கே தெரியும். படகுக்காரனைக் கொன்னது இவனா?’”

ஆம் என்றால் பூனைக்காலுக்குத் தூக்கு. ஓரின் தன் தாளைப் பார்த்தான்.

“இல்ல. அன்னிக்கு ராத்திரி முழுக்க இவன் என் பக்கத்துலதான் இருந்தான்.”

வெர்னா பென்சிலைக் கீழே வைத்தாள். “ஓரின், யோசிச்சு சொல்லு. தர்மவீரன் பொய் சொன்னா குதிரை போயிடும். தொட்டா காயம் ஆறுற வரம் போயிடும். திரும்ப வராது.”

“போகட்டும்.”

அவள் மனசில்லாமல் அவன் தாளில் ஒவ்வொன்றாக அழித்தாள். “அப்ப நீ வெறும் வாள்காரன். இனி யாரோட வேணா நட.”

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக லைல் நின்றான். “என்ன வீரரே, எனக்காகவா...”

“வீரரும் இல்ல, கீரரும் இல்ல,” என்றான் ஓரின். “அம்மாவை அடக்கம் பண்ணினப்ப ஏண்டா வரல?”

லைல் தரையைப் பார்த்தான்.

“வந்தேண்ணே. சர்ச்சுக்கு எதிர்ச்சாரியில காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட எட்டிப் பாக்காதவன் எந்த மூஞ்சியோட இறங்கறது? நீ வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுத்துட்டிருந்த. எனக்குக் குடுப்பியான்னு தெரியல.”

கொடுத்திருப்பேன் என்று சொல்லத்தான் ஓரின் வாயெடுத்தான். அந்தப் பொய் வரவில்லை.

“குடுத்திருக்க மாட்டேண்டா,” என்றான். “உக்காரு.”